அழுத்தாமல் இழுங்கள்: இரட்டை முனை பிளேடு ரேசரில் ஷேவ் பண்ணுவது எப்படி

கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி கிளம்பும், சட்டைக் காலர் உரசினால் எரியும், இரண்டு நாள் ஷேவ் பண்ணாமல் விட்டால்தான் அடங்கும். இந்தத் தொல்லை எனக்குப் பத்து வருஷம் இருந்தது. மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ், அப்புறம் ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் என்று விலைதான் ஏறியது, கழுத்து அப்படியேதான் இருந்தது. கடைசியில் சரி பண்ணியது பெட்டிக்கடையில் காகித உறையில் விற்கிற, பள்ளிக்கூடத்தில் பாதியாக ஒடித்துப் பென்சில் சீவினோமே, அதே சாதாரண பிளேடு.

காரணம் சிக்கலானது இல்லை. பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வெட்டுகிறது, அது பழைய இடத்துக்குத் திரும்பும் முன்பே அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. முடி நுனி தோலுக்குள் அடங்கிப் போகிறது. நேர்முடிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. நம்மில் நிறையப் பேருக்குக் கழுத்து முடி தடித்து, சுருண்டு இருக்கும். அது வெளியே வரும்போது வழி தெரியாமல் தோலைக் குத்திக்கொண்டு பக்கவாட்டில் வளர்கிறது. அதுதான் அந்தப் புள்ளி. ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு வெட்டி நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் ரேசரை மாற்றிய மறுநாளே மாயம் நடக்காது. நான் முதல் வாரம் முகத்தை வெட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். நான் பார்த்தவரை இதில் இறங்கிப் பாதியில் விட்டவர்கள் எல்லோரும் இரண்டே காரணத்தில்தான் விட்டார்கள். ஒன்று, கை அழுத்தியது. இன்னொன்று, நுரை சரியில்லை. ரேசர் எந்தக் கம்பெனி, பிளேடு எந்த நாடு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடைக்குப் போய் நேரத்தைச் செலவழிப்பதை விட இந்த இரண்டில் செலவழியுங்கள்.

சரி, முதலில் என்னென்ன வேண்டும் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் பிளேடு போட விரும்பவில்லை.

ஒரு ரேசர். மூன்று துண்டாகக் கழற்றுகிற மாதிரியும் உண்டு, கைப்பிடி அடியில் திருகினால் மேலே இரண்டு கதவு வண்ணத்துப்பூச்சி மாதிரி திறக்கிற மாதிரியும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் மூன்று துண்டுதான் சொல்வேன், கழுவ எளிது, கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை. பற்கள் திறந்து இருக்கும் சீப்பு மாதிரித் தலை வேண்டாம், பட்டை மூடியிருப்பது போதும். எடை 70 முதல் 100 கிராம் வரை இருந்தால் நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன். ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்யும் மெர்குர் 34சி, இங்கிலாந்தின் எட்வின் ஜாக்கர் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள், நல்லவைதான். ஆனால் நம் நாட்டிலேயே செய்கிற பார்க்கர் ரேசரிலேயே தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

பிளேடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜப்பானின் சேகி நகரத்து ஃபெதர் பிளேடுதான் உலகத்திலேயே கூர் என்று யாராவது சொல்லி அதையே முதலில் வாங்கிவிடாதீர்கள். கூர்தான். ஆனால் கை பழகாதவரின் தப்பை அது மன்னிக்காது. ஆஸ்ட்ரா, செவன் ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ், டோபாஸ் என்று நாலு விதத்தில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் பாருங்கள். எனக்குப் பிடித்தது உங்கள் தாடிக்குப் பிடிக்காது.

பிரஷ், செயற்கை நார் போதும், சீக்கிரம் காயும், மழைக்காலத்தில் நாறாது. சோப்பு டப்பா அல்லது டியூப் கிரீம் எதுவானாலும் சரி. டின்னிலிருந்து புஸ் என்று வரும் ஃபோம் வேண்டாம், அதில் காற்றுதான் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி படிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், சில ஊர்களில் சீனாக்காரம் என்பார்கள், கடை வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே அதேதான். கூர்மையான முனைகளை ஈரக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

இதை யாரும் முதலில் சொல்வதில்லை, ஆனால் சென்னையில் போர் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவருக்கு முதல் பாடமே இதுதான். நான் மூன்று சோப்பு மாற்றினேன், இரண்டு பிரஷ் மாற்றினேன், நுரை வந்து ஒரு நிமிஷத்தில் செத்துப்போகும், முகத்தில் வெள்ளையாகப் பசை மாதிரி ஒட்டும், ரேசர் தடுக்கித் தடுக்கி நகரும். வெளியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அதே சோப்பு, அதே பிரஷ், நுரை பொங்கியது. அங்கே வருவது ஆற்றுத் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் குடிக்கிற கேன் தண்ணீரில் அடித்துப் பார்த்தேன், முடிந்தது கதை. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடுகின்றன, பக்கெட் விளிம்பில் படிகிறதே வெள்ளையாக, அதுவேதான். நுரை அடிக்க ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும், ரேசரை அலசவும் முகம் கழுவவும் குழாய்த் தண்ணீரே இருக்கட்டும்.

குளித்துவிட்டு வந்து ஷேவ் பண்ணுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் தாடியை நனைத்து ஊறவிடுங்கள். காய்ந்த முடி முரடு, தண்ணீர் குடித்த முடி வெட்டுவதற்குப் பாதி வேலைதான். இந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிப்பவர் பிளேடு சரியில்லை என்பார்.

இப்போது நுரை. கிரீம் என்றால் ஒரு பாதாம் பருப்பு அளவு. டப்பா சோப்பு என்றால் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்து, பிறகு அதைக் கொட்டிவிட்டு, உதறிய பிரஷால் அரை நிமிஷம் சோப்பின் மேல் சுழற்றுங்கள். பிரஷ் நுனியில் கெட்டியாகப் பசை மாதிரி ஏற வேண்டும். அதை முகத்திலேயே சுழற்றுங்கள், கிண்ணம் தேவையில்லை. இப்போதுதான் முக்கியமானது: பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும், மொத்தமாக ஊற்றக் கூடாது. கிரைண்டரில் வடைக்கு உளுந்து அரைக்கும்போது தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைப்போமே, அதே கணக்கு. தண்ணீர் குறைந்தால் காய்ந்து பிசிறும், கூடினால் வழியும், பதம் வந்தால் பளபளவென்று கனமாக நிற்கும். ஃபில்டர் காபி நுரை மாதிரிக் கண்ணுக்குத் தெரிகிற குமிழி இருந்தால் அது பதம் இல்லை, இன்னும் அடியுங்கள். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. நுரை மெத்தை இல்லை, எண்ணெய் மாதிரி. உயரமாக மலை கட்டுவதால் பிரயோஜனம் கிடையாது.

முடி எந்த வாட்டம் என்று பாருங்கள்

ஷேவ் பண்ணி இரண்டு நாள் ஆன முகத்தில் விரலை நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகிற திசை முடியின் வாட்டம், சொரசொரவென்று தடுக்கும் திசை எதிர். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில்தான் கூத்து. எனக்கு வலது பக்கம் காதுப் பக்கமாகப் படுத்திருக்கிறது, இடது பக்கம் கீழிருந்து மேலே போகிறது, குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு சுழியே இருக்கிறது. பத்து வருஷம் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தேன், அதாவது இடது கழுத்தில் தினமும் எதிர்த்திசையில் சுரண்டியிருக்கிறேன். உங்கள் கழுத்துப் புள்ளிக்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி போட்டு ஒரு வாரம் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பிளேடு மாட்டுவது. ரேசர் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடை அதன் குட்டையான இரண்டு ஓரங்களில் மட்டும் தொட்டு எடுத்து அதில் வையுங்கள், மேலே தட்டை வைத்து, அந்தக் குட்டை ஓரங்களைப் பிடித்தபடியே கைப்பிடியைத் திருகுங்கள். நேராகப் பார்த்தால் இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் தளர்த்தி மறுபடி மாட்டுங்கள், அப்படியே முகத்தில் வைத்தால் ஒரு பக்கம் வெட்டும், மறு பக்கம் வெட்டவே வெட்டாது.

வெறும் 0.1 மில்லிமீட்டர் தகடு அது. அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று கிளம்பியபோது அவ்வளவு மெல்லிய எஃகில் கூர் நிற்காது என்று விஷயம் தெரிந்தவர்களே கையை விரித்துவிட்டார்கள். அங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்கிற எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் என்கிற பொறியாளர்தான் அதைச் செய்துகாட்டினார். 1903ல் விற்றது மொத்தம் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷமே ரேசர் 90 ஆயிரத்தைத் தாண்டியது. இதில் வேடிக்கை, அதே எம்.ஐ.டி.யில் 2020ல் ஒரு ஆய்வு செய்தார்கள், எஃகை விட 50 மடங்கு மிருதுவான முடி எப்படி பிளேடை மழுங்கடிக்கிறது என்று. தேய்ந்து மழுங்குவதில்லையாம், முடி வளைந்து ஒரு கோணத்தில் இடிக்கும்போது விளிம்பில் நுண்ணிய சில்லு பெயர்கிறது. அதனால் ஊறிய முடியை வெட்டுங்கள் என்பது உங்கள் தோலுக்கு மட்டும் சொன்னது இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இழுப்பது

ரேசர் தலையைக் கன்னத்தில் படுக்க வையுங்கள், கைப்பிடி முகத்துக்கு நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது வெட்டாது. மெதுவாகக் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள், ஒரு இடத்தில் பிளேடு முடியைத் தொடும், சரசரவென்று சத்தம் வரும். பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும் அந்த இடம்தான் உங்கள் கோணம். கன்னத்தில் பிடித்த கோணம் தாடையில் மாறும், காரணம் முகம் வளைகிறது; கார்ட்ரிட்ஜில் தலை தானாகத் திரும்பிக்கொள்ளும், இங்கே திருப்புவது உங்கள் மணிக்கட்டு. சத்தத்தைக் கேளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு முதல் பத்து நாள் பண்ணினால் காதே சொல்லித்தரும்.

அழுத்தம் கூடவே கூடாது. கார்ட்ரிட்ஜ் நம் கையைக் கெடுத்து வைத்திருக்கிறது. அது இறகு மாதிரி லேசு, அதனால் அழுத்திப் பழகிவிட்டோம். இந்த ரேசரில் கனம் இருப்பதே நீங்கள் அழுத்தாமல் இருக்கத்தான். கைப்பிடியின் அடிப்பக்கமாக இரண்டு மூன்று விரலால் பிடியுங்கள், இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் தானாக வந்துவிடும். ஒரு இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். விட்டுப்போன முடியைப் பார்த்ததும் அதே இடத்தில் நுரை இல்லாமல் இன்னொரு தரம் இழுக்கத் தோன்றும், எனக்கு இன்னும் தோன்றுகிறது. கூடாது, அடுத்த சுற்றில் நுரை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கையை மறந்துவிடாதீர்கள். இந்த ரேசரை வாங்கிய புதிதில் எங்கள் தெரு சலூன் அண்ணனிடம் போய், "அண்ணே, நீங்க போட்டா மட்டும் எப்படி வெட்டாம வருது?" என்று கேட்டேன். அவர் உறையோடு பிளேடை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைக் கத்தியில் சொருகிக்கொண்டே சொன்னார், "தம்பி, கத்தி புடிக்கிறது இந்தக் கை, ஷேவ் பண்றது அந்தக் கை." அவர் காட்டியது தோலை இழுத்துப் பிடிக்கும் இடது கையை. அதற்குப் பிறகு கவனித்தேன், அவர் கத்தி நகர்வதற்கு முன்னால் எப்போதும் கட்டைவிரல் போய்த் தோலை இறுக்கிவிடுகிறது. காதுக்கு முன்னால் தோலை மேலே இழுங்கள், கன்னம் தட்டையாகும். குரல்வளை மேட்டில் நேராக இழுக்காமல், தோலை மட்டும் விரலால் ஒரு பக்கம் நகர்த்தி சமதளத்தில் வெட்டிவிட்டு விடுங்கள். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லின் மேல் மடித்துக்கொள்ளுங்கள். தாடை எலும்பு ஓரத்தில் தலையை அண்ணாந்து, தோலைக் கழுத்துப் பக்கம் இழுத்தால் முடி எலும்பிலிருந்து இறங்கிவரும். நுரை தடவிய தோல் வழுக்கும், விரலைத் துடைத்துக்கொண்டு பிடியுங்கள், இல்லாவிட்டால் படிகாரக் கட்டியைத் தொட்டுக்கொள்ளுங்கள், பிடி நிற்கும்.

முதல் மாதம் வாட்டத்தோடு ஒரே ஒரு சுற்று மட்டும். முகம் கண்ணாடி மாதிரி வராது, மாலைக்குள் நிழல் தெரியும், பரவாயில்லை. இரண்டாவது மாதம் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு சுற்று. என்னைப் போல் நிறையப் பேர் இங்கேயே நின்றுவிடலாம். சலூனில் "ரிவர்ஸ் போடவா?" என்று கேட்பார்களே, அந்த எதிர்ச்சுற்று கன்னத்துக்கு எப்போதாவது சரி. கழுத்தில் புள்ளி வரும் ஆளாக இருந்தால் கழுத்துக்கு ரிவர்ஸே வேண்டாம், கல்யாண வீடாகவே இருந்தாலும். நான் என் தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஆசைப்பட்டு மூன்று சுற்றும் போட்டு, மறுநாள் எல்லா போட்டோவிலும் கழுத்தை மறைக்கக் குனிந்துகொண்டு நிற்கிறேன்.

மாலை போட்டு இறக்கிய பிறகு வரும் தாடிக்கு ஒரு வார்த்தை. 41 நாள் தாடியில் நேராக இந்த ரேசரை வைக்காதீர்கள், இரண்டு இழுப்பில் பிளேடு அடைத்துக்கொள்ளும், முடியைப் பிடுங்கும். டிரிம்மரால் ஒட்ட வெட்டி, ஒரு நாள் விட்டு, பிறகு நுரை.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, படிகாரத்தை நனைத்து முகம் முழுக்கத் தடவுங்கள். ஒரு நிமிஷம் விட்டுக் கழுவுங்கள். சின்னக் கீறல் ரத்தம் நின்றுவிடும். அதை விடப் பெரிய உபயோகம், எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். பரீட்சை பேப்பரில் சிவப்பு மை மாதிரி, உடனே தெரிந்துவிடும். எரிகிற இடத்தை நாளைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், வெட்டுப்பட்டால் தழும்பு தடித்து வளர்கிறவர்களும் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆஃப்டர்ஷேவ் உங்கள் விருப்பம். சுரீரென்று எரிகிற ஆல்கஹால் வாசனை பிடிக்கும் என்றால் போடுங்கள், படிகாரத்துக்கு மேல் அது வேறு வேலை ஒன்றும் செய்யப்போவதில்லை. தோல் வறண்டவர்களுக்கு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் நல்லது. வீட்டுச் சோற்றுக்கற்றாழை வைப்பதானால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் கூழை மட்டும் எடுங்கள், அந்த மஞ்சள் பால்தான் அரிக்கும். வெயிலில் அலைகிற வேலை என்றால் ராத்திரியே ஷேவ் பண்ணிவிடுங்கள். சித்திரை மாதத்தில் காலையில் வழித்துவிட்டு வண்டியில் கிளம்பினால், முதல் சிக்னலிலேயே வியர்வை உப்பு எல்லாக் கீறலையும் எண்ணிச் சொல்லும்.

தினமும் வேண்டும் என்றும் இல்லை. செவ்வாய், வெள்ளி முடி எடுக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள், நான் நம்பி விடவில்லை, ஆனால் அந்த இரண்டு நாள் ஓய்வு கழுத்துக்கு நன்றாகவே இருக்கிறது. வழித்தால் முடி தடித்து வளரும் என்பதும் பொய். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவினால் முரடாகத் தெரிகிறது, வேர் உள்ளேதான் இருக்கிறது, அதற்கு மேலே நடப்பது தெரியாது.

பிளேடை துண்டால் துடைக்காதீர்கள், விளிம்பு கெடும், துண்டும் கிழியும். ரேசரை அலசி, உதறி, காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள். மூன்றிலிருந்து ஆறு ஷேவ் வரை ஒரு பிளேடு, என் முரட்டு முடிக்கு நாலுதான். இழுக்கும்போது பிடுங்குகிற மாதிரி இருந்தால் கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றுங்கள், ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. வாரம் ஒருமுறை ரேசரைக் கழற்றிப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். போர் தண்ணீர் வெள்ளைக்கறை படிந்தால் எலுமிச்சம்பழச் சாற்றை லேசாகத் தடவி உடனே கழுவிவிடுங்கள், ஊறவிட்டால் முலாம் போய்விடும். விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள், உள்ளே போடும் பெட்டியில் வையுங்கள்.

பழைய பிளேடு. அமெரிக்காவில் அந்தக் காலத்து வீடுகளில் குளியலறை அலமாரிக்குள் ஒரு சின்னக் கீற்று இருக்குமாம், பிளேடை அதில் போட்டால் சுவருக்குள்ளேயே விழுந்துவிடும், வீட்டை இடிக்கும்போதுதான் வெளியே கொட்டும். நமக்கு அது வேண்டாம். குப்பைக் கவரில் அப்படியே போட்டுவிடவும் கூடாது, மறுநாள் அதைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார். ஒரு மில்க்மெய்ட் டின்னைத் திறக்காமல் மேலே உண்டியல் மாதிரி ஒரு கீற்று போட்டு, பாலைக் கவிழ்த்து எடுத்துப் பாயசம் வைத்துவிட்டு, டின்னைக் கழுவிக் காயவைத்துக் குளியலறை அலமாரியில் வையுங்கள். நிரம்பியதும் கீற்றை டேப்பால் அழுத்தி ஒட்டி, மேலே பிளேடு என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டிக்காரரிடம் சொல்லித் தனியாகக் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டு டின் மூன்று வருஷம் ஆகியும் இன்னும் பாதி கூட நிரம்பவில்லை.